ஐந்து கோலுக்கு வராத கோபம்

நாங்கள் ரசிக்கிற இங்கிலாந்துக் காற்பந்து அணியான லிவர்பூல் 5–0 என்று தோற்ற ஒரு விடியற்காலையில் நாங்கள் சிரித்துக்கொண்டே கோப்பி குடித்துவிட்டு வேலைக்குப் போனோம். அதே லிவர்பூல் 1–0 என்று தோற்ற ஒரு ராத்திரியில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று பறந்தது. இருபது வருஷக் கூட்டாளிகள் இரண்டு பேர் இரண்டு வாரம் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு முறையும் கிண்ணப் போட்டிதான். இரண்டு முறையும் இறங்கியது முழு பலத்தில் இல்லாத அணிதான். உட்கார்ந்து பார்த்தவர்களும் கோலாலம்பூர் செந்தூலைச் சேர்ந்த ஏறக்குறைய அதே ஆட்கள்.

பிறகு ஏன் அப்படி? ரொம்ப நாளாக இந்தக் கேள்வி என்னைக் குடைகிறது. இதில் நான் நடுநிலை ஆள் கிடையாது. இரண்டு முறையும் அதே மேசையில் உட்கார்ந்திருந்தவன், இரண்டாவது ராத்திரியில் நானும் கத்தினவன். கத்தி முடித்து வீட்டுக்குப் போனதும் யார் யார் என்ன சொன்னார்கள் என்று கைப்பேசியில் குறித்து வைத்தேன். அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ரதம் கிளம்பிய ராத்திரி

2025-இல் தைப்பூசம் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல அதற்கு இரண்டு ராத்திரி முன்னால், ஞாயிறு இரவு, ஜாலான் துன் எச்.எஸ். லீயில் இருக்கிற மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் பத்துமலைக்குக் கிளம்பியது. பிளைமத் ஆர்கைலோடு லிவர்பூல் மோதிய எஃப்.ஏ. கிண்ண நான்காம் சுற்று ஆட்டமும் அதே ஞாயிறுதான். அங்கே பிற்பகல் 3 மணி, நமக்கு இரவு 11. ரதம் ஜாலான் ஈப்போ பக்கம் வந்து சேர நள்ளிரவு நன்றாகவே தாண்டிவிடும். ஆக, ரதத்துக்குக் காத்திருக்கிற கூட்டமும் பந்து பார்க்கிற கூட்டமும் ஒரே மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகத்தில்) வந்து விழுந்தன. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எங்கள் மேசையில் ஆறு பேர். செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அங்கிள். பழைய நட்சத்திரம் டால்கிலிஷ் ஆடிய காலத்திலிருந்து லிவர்பூல் ரசிகர், இளவட்டமாக இருந்தபோது மெர்டேக்கா அரங்கில் ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம் கோல் காத்ததை நேரில் பார்த்தவர். லோரி ஓட்டுகிற அண்ணன். வயரிங் வேலை செய்கிற அவருடைய கூட்டாளி. செவ்வாய்க்கிழமை பால்குடம் எடுக்கப்போகிற 24 வயதுத் தம்பி. அப்புறம் நான், என் மச்சான். மச்சான் மென்செஸ்டர் யுனைடெட். தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் அது எங்களுக்குத் தெரிய வந்தது.

லோரி அண்ணனும் தம்பியும் விரதம். கடையில் பாலில்லாத கோப்பி ஓ மட்டும்தான், அதுவும் வீட்டிலிருந்து கொண்டுவந்த டம்ளரில். விரதத்தில் கெட்ட வார்த்தை பேசக்கூடாது என்பதும் சேர்ந்துகொண்டது. காற்பந்து ரசிகனுக்கு இது பட்டினியை விடப் பெரிய சோதனை.

ஆட்டத்துக்கு முன்னால் அணிப் பட்டியல் வந்தது. வியாழக்கிழமைதான் லீக் கிண்ண அரையிறுதியில் டோட்டன்ஹமை 4–0 என்று சாத்தியிருந்தார்கள். அந்தப் பதினொரு பேரில் பத்து பேர் இல்லை. கோல் கீப்பர் கெல்லஹர் மட்டும் மிச்சம். சாலாவையும் வான் டைக்கையும் பயிற்றுநர் ஸ்லாட் ஊருக்கே அழைத்துப் போகவில்லை.

அந்தப் பட்டியலைப் பார்த்து எங்கள் மேசையில் ஒருவர்கூடக் கோபப்படவில்லை. இதுதான் இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் படுகிற இடம். லோரி அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். “சரிதான்ப்பா, புதன்கிழமை எவர்ட்டன் இருக்கு. சாலா காலு முக்கியம்.” கியேசாவை ஒரு ஆட்டம் ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்று தம்பி ஆசைப்பட்டான். அங்கிள் தலையாட்டினார். நானும் பெரிய மனிதர் மாதிரி, “ஸ்லாட்டுக்குத் தெரியாததா” என்றேன். கணக்கும் அதைத்தான் சொன்னது. பிப்ரவரி 1 முதல் 26 வரை லிவர்பூலுக்கு எட்டு ஆட்டங்கள். பிரிமியர் லீக்கில் முதலிடம், லீக் கிண்ணத்தில் இறுதியாட்டம், சாம்பியன்ஸ் லீக்கில் அடுத்த சுற்று. எதிரே நிற்கிற பிளைமத்தோ இரண்டாம் நிலை லீக் பட்டியலில் கடைசி இடம். அந்த இடத்தில் அவர்களை விட்டுவிட்டு பயிற்றுநர் வேய்ன் ரூனி, யுனைடெட்டின் பழைய நட்சத்திரம், கிளம்பி ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 11ஆம் நிமிடத்தில் ஜோ கோமஸ் காயம்பட்டு வெளியேறினார், ஐசக் மபாயா என்ற பையன் முதல் தடவையாகப் பெரிய அணிச் சட்டையில் இறங்கினான். பந்து முக்கால்வாசி நேரம் லிவர்பூல் காலில்தான் இருந்தது, கோல் பக்கம்தான் போகவில்லை. ஜோத்தா, டியாஸ், கியேசா மூன்று பேரும் முன்வரிசையில் இருந்தும் முதல் பாதி 0–0. 53ஆம் நிமிடத்தில் பினால்டி எல்லைக்குள் ஹார்வி எலியட் கையில் பந்து பட்டது. ரையன் ஹார்டி பினால்டியை உள்ளே அடித்தார். அந்தப் பருவத்தில் எஃப்.ஏ. கிண்ணத்துக்கு வீடியோ நடுவர் ஐந்தாம் சுற்றிலிருந்துதான். அதனால் திரும்பிப் பார்க்க வழியில்லை, பார்த்திருந்தாலும் தப்பியிருக்காது. கடைசி நிமிடங்களில் பிளைமத் கீப்பர் கோனர் ஹஸார்ட் வந்ததையெல்லாம் தடுத்தார். முடிந்தது.

கடைக்குள் நடந்ததுதான் சுவாரசியம். ஆட்டம் தொடங்கியபோது எங்களைச் சேர்த்து நான்கைந்து மேசைகள்தான். கோல் விழுந்தபோது மணி 12 தாண்டியிருந்தது. ரதம் பார்க்க வந்தவர்கள் குடும்பம் குடும்பமாக உள்ளே நுழைய ஆரம்பித்திருந்தார்கள். தேங்காய் மூட்டையோடு ஒரு கூட்டம், தோளில் தூங்குகிற பிள்ளையோடு ஒரு கூட்டம், பக்கத்துத் தண்ணீர்ப் பந்தலுக்கு ஐஸ் வாங்க வந்த பையன்கள். ஒவ்வொருவரும் உள்ளே வந்ததும் திரையைப் பார்ப்பார்கள். அப்புறம் சிவப்புச் சட்டை போட்ட எங்களைப் பார்ப்பார்கள்.

“யாரு, லிவர்பூலா? யாரோட?”

“பிளைமத்.”

“அது யாரு?”

“செகண்ட் டிவிஷன்.”

“அவன்கிட்டயா தோக்கறீங்க?”

இந்த உரையாடல் அந்த நாற்பது நிமிடத்தில் குறைந்தது பத்து தடவை நடந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான். “இது மெயின் டீம் இல்லைங்க” என்று தம்பி முதல் மூன்று பேருக்குப் பொறுமையாக விளக்கினான். நான்காவதாக வந்த அம்மா ஒருவர், “அப்ப மெயின் டீம் எங்கப்பா, விரதமா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவன் விளக்குவதை நிறுத்திவிட்டான். மச்சான் தன் பங்குக்கு, “எங்க ரூனி வளர்த்த டீமுடா” என்றார். அவர் வளர்த்த லட்சணம் பட்டியலின் அடியில் தெரிகிறது என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்கிற நிலைமையில் நாங்கள் இல்லை.

லோரி அண்ணன் விரதத்தை மீறாமல் திட்டியது தனிக் கலை. “எலியட் ஐயா, கையை வீட்ல வெச்சிட்டு வந்திருக்கக் கூடாதாங்க?” என்று மரியாதையாக ஆரம்பித்தவர், நேரம் போகப் போக ஸ்லாட் பக்கம் திரும்பினார். நடுவர் விசில் ஊதியதும் எழுந்து நின்றுவிட்டார்.

“ஜெயிக்கணும்னு நெனச்சா இந்த டீமை அனுப்புவானா? கடைசியில இருக்கிறவன்தானேன்னு எளக்காரம். நம்மளையும் சேர்த்துத்தான் எளக்காரம்.”

வயரிங் அண்ணன் தேத் தாரிக்கை (ஆற்றிய பால் தேநீரை) வைத்துவிட்டுச் சொன்னார்: “பத்து மணிக்கு சாலா காலு முக்கியம்னு சொன்னது யாரு?”

நாற்காலி பறந்தது அப்போதுதான். பிளைமத் ஜெயித்ததற்குப் பறக்கவில்லை, ஸ்லாட்டுக்காகவும் பறக்கவில்லை. மூன்று மணி நேரத்துக்கு முன்னால் தான் சொன்னதைத் தன் கூட்டாளியே, பத்து பேர் பார்க்க, எடுத்துக் காட்டினான் என்பதற்குப் பறந்தது. கடைக்காரர் ஓடி வந்தார். அங்கிள் நாற்காலியைத் தூக்கி நிறுத்தி அதிலேயே உட்கார்ந்துகொண்டார். லோரி அண்ணன் தண்ணீர்ப் பந்தலுக்குப் போய், விடிய விடிய யாரோடும் பேசாமல் மோர் ஊற்றிக் கொடுத்தார்.

மார்கழி விடியற்காலை

இப்போது ஐந்து வருஷம் பின்னால் போக வேண்டும். 2019 டிசம்பர் 17, லீக் கிண்ணக் காலிறுதி. ஆஸ்டன் வில்லாவின் சொந்த அரங்கு. அதற்கு மறுநாளே லிவர்பூலுக்கு கத்தாரில் உலக கிளப் கிண்ண அரையிறுதி. இரண்டுக்கும் வேறு தேதி அமையவில்லை. பயிற்றுநர் யர்கன் குளோப் மூத்த அணியோடு டோஹாவில் இருந்தார். இளையோர் அணிப் பயிற்றுநர் நீல் கிரிட்ச்லி பொடியன்களைக் கூட்டிக்கொண்டு வில்லாவுக்குப் போனார். தொடக்க அணியின் சராசரி வயது பத்தொன்பதரை. அதற்கு முன் அந்த கிளப் அவ்வளவு இளம் அணியை இறக்கியதே இல்லை.

நமக்கு அது புதன்கிழமை அதிகாலை 3.45. மார்கழி பிறந்த நேரம். அதே கடைதான், ஆனால் உள்ளே நாங்கள் ஐந்து பேர், கல்லாவில் தூங்கி வழிகிற ஒரு பையன். மச்சான் வரவில்லை. யுனைடெட் ஆடாத ஆட்டத்துக்கு யார் அந்நேரத்தில் எழுந்து வருவார்?

14ஆம் நிமிடம் ஹுரிஹேன், 17ஆம் நிமிடம் சொந்தக் கோல், 37-இலும் 45-இலும் கோட்ஜியா. இடைவேளையில் 4–0. கடைசியில் வெஸ்லி ஒன்று போட்டு ஐந்தாக்கினார். இவ்வளவு வாங்கியும் அந்தப் பையன்கள் பின்னால் பதுங்கவில்லை. பந்தை வாங்கி, கொடுத்து, மேலே போய், நன்றாகத்தான் ஆடினார்கள். 16 வயதுப் பையன் ஒருவன் வலதுபக்கம் இரண்டு பேரை ஏமாற்றிப் போனபோது லோரி அண்ணன் மேசையைத் தட்டி, “யாருப்பா இவன், நம்ம கடைசிப் பையன் வயசுதான் இருக்கும்” என்றார். அந்தப் பையன் பெயர் ஹார்வி எலியட்.

ஆமாம், அதே எலியட். கோலுக்குள் நின்றதும் அதே கெல்லஹர்.

ஆட்டம் முடிந்ததும் அங்கிள் முகம் கழுவி, விபூதி பூசிக்கொண்டு, நேராகத் திருவெம்பாவைக்குக் கிளம்பினார். “அஞ்சு வாங்கிட்டு கோயிலுக்குப் போறீங்களா?” என்று யாரோ கேட்டதற்கு, “பிள்ளைங்க நல்லா ஆடுனாங்கல்ல, அர்ச்சனை பண்ணிட்டு வர்றேன்” என்றார். மறுநாள் பின்னிரவு 1.30-க்கு மொன்டெரே அணியோடு ஆட்டம். கடைசி நிமிடத்தில் ஃபிர்மினோ அடித்து 2–1. வில்லா ஆட்டம் ஒரு நாளுக்குள் மறந்துபோனது. அந்த வாரக் கடைசியில் ஃபிளமெங்கோவை 1–0 என்று வென்று கிண்ணமும் கைக்கு வந்தது.

மக்கள் வழக்கமாகச் சொல்கிற காரணம்

“அது வேற, இது வேற” என்பார்கள். 2019-இல் குளோப்புக்கு வேறு வழியில்லை, அணியை இரண்டாகப் பிரிக்கத்தான் வேண்டும். 2025-இல் ஸ்லாட் தானாக முடிவெடுத்தார். வழியில்லாமல் தோற்றால் பரிதாபம், வழியிருந்தும் தோற்றால் குற்றம். கேட்க நன்றாக இருக்கிறது. எங்கள் மேசையிலும் பாதிப் பேர் இதைத்தான் சொன்னார்கள். நானும் கொஞ்ச நாள் நம்பினேன்.

ஆனால் இடையில் ஒரு ஆட்டம் நடந்திருக்கிறது. 2020 ஜனவரி 26, மூன்றாம் நிலை லீக் அணியான ஷ்ரூஸ்பரியோடு எஃப்.ஏ. கிண்ணத்தில் 2–2. அப்போதெல்லாம் சமநிலை என்றால் மறு ஆட்டம் உண்டு (2024–25 பருவத்தில்தான் அதை எடுத்தார்கள்). மறு ஆட்டம் பிப்ரவரி 4, குளிர்கால இடைவேளைக்கு நடுவில் விழுந்தது. மூத்த வீரர்கள் வரமாட்டார்கள், நானும் வரமாட்டேன் என்று குளோப் சொல்லிவிட்டார். மறுபடியும் கிரிட்ச்லி, மறுபடியும் பொடியன்கள். இம்முறை சராசரி வயது இன்னும் குறைவு, 19 வருஷமும் 102 நாளும். தலைவன் கர்ட்டிஸ் ஜோன்ஸுக்கு 19 முடிந்து ஐந்து நாள்.

இது முழுக்க முழுக்கக் குளோப் எடுத்த முடிவு. அவர் நினைத்திருந்தால் வந்திருக்கலாம். எங்கள் மேசையில் ஆட்டத்துக்கு முன்னால் அவருக்கு நல்ல வசவு விழுந்தது. எஃப்.ஏ. கிண்ணம் என்ன அவ்வளவு மட்டமா, பயிற்றுநர் விடுமுறைக்குப் போவதா என்று அங்கிளே கேட்டார், கோபமே வராத மனிதர். அப்புறம் 75ஆம் நிமிடத்தில் ஷ்ரூஸ்பரி ஆள் ஒருவர் தன் கோலுக்குள்ளேயே தலையால் முட்ட, 1–0. வசவெல்லாம் காற்றில் போனது. “குளோப் தீர்க்கதரிசி” என்றார் லோரி அண்ணன். அன்றும் தைப்பூச வாரம்தான், அன்றும் அவர் விரதம். எலியட்டும் கெல்லஹரும் அன்றும் ஆடினார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பிளைமத் ஆட்டத்துக்குப் பதினொரு நாள் முன்னால், 2025 ஜனவரி 29, சாம்பியன்ஸ் லீக்கில் பி.எஸ்.வி. ஐந்தோவனிடம் இதே ஸ்லாட் இதே மாதிரி மாற்று அணியை இறக்கி 3–2 என்று தோற்றார். யாரும் மூச்சுவிடவில்லை. அடுத்த சுற்று ஏற்கெனவே உறுதி என்பது ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘தானாக முடிவெடுத்தார்’ என்பதுதான் குற்றம் என்றால் அன்றும் கொஞ்சமாவது முணுமுணுப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஆக, முடிவு யாருடையது என்பது கோபத்துக்கு முழுக் காரணம் இல்லை. அது தோற்ற பிறகு தேடிப் பிடிக்கிற காரணம்.

எலியட்டுக்கு வயது ஏறியது

இரண்டாவது காரணம் கொஞ்சம் கனமானது. பொடியன் அணி தோற்றால் நாம் பார்ப்பது வருங்காலத்தை. மாற்று அணி தோற்றால் பார்ப்பது பெஞ்சை. இந்தப் பையன் இன்னும் மூன்று வருஷத்தில் எப்படி வருவான் என்று யோசிக்கும்போது தப்புகூட அழகாகத்தான் தெரியும். இந்த ஆளை நம்பி அடுத்த மாதம் ஒரு இறுதியாட்டத்தில் இறக்க முடியுமா என்று யோசிக்கும்போது ஒவ்வொரு தப்பும் கணக்கில் ஏறும்.

எலியட்டை எடுத்துக்கொண்டால் இது நன்றாகப் புரியும். வில்லாவில் ஐந்து கோல் வாங்கிய அணியில் இருந்தபோது அவனுக்கு 16 வயது. எங்களுக்கு அவன் செல்லப்பிள்ளை. பிளைமத்தில் ஒரே ஒரு தடவை கையில் பந்து பட்டபோது 21, அவன் குற்றவாளி. இடைப்பட்ட ஐந்து வருஷத்தில் அவன் செய்த ஒரே தப்பு, எங்களுக்குத் தெரிந்த முகமாக ஆனதுதான். கெல்லஹரும் அப்படியே. ஐந்து விட்ட ராத்திரியில் ‘பாவம் பையன்’. ஒன்று விட்ட ராத்திரியில், அதுவும் பினால்டி, ‘தொட்டிருக்கலாம்’. அதே 2025-இல் கெல்லஹர் பிரென்ட்ஃபர்டுக்குப் போய்விட்டார். எலியட் கடனுக்குப் போன இடம் ஆஸ்டன் வில்லா. இதை நான் கதையாக எழுதியிருந்தால் நம்ப மாட்டீர்கள்.

இருந்தாலும் இதுவும் எனக்குப் போதவில்லை. பி.எஸ்.வி. ஆட்டத்திலும் தெரிந்த முகங்கள்தான் தோற்றன.

யார் முன்னால்

என் குறிப்புகளைத் திரும்பத் திரும்பப் படித்தபோது கண்ணில் பட்டது நேரம்தான். வில்லா ஆட்டம் 3.45. ஷ்ரூஸ்பரி ஆட்டம் 3.45. பி.எஸ்.வி. 4 மணி. மூன்றும் ஊர் தூங்குகிற நேரம். கடையில் இருந்தது நாங்கள் மட்டும், எல்லோரும் லிவர்பூல். அங்கே தோற்பது வீட்டுக்குள் வழுக்கி விழுகிற மாதிரி. வலிக்கும், ஆனால் எழுந்துவிடலாம்.

பிளைமத் ஆட்டம் ஞாயிறு இரவு 11. மச்சான் இருந்தார். செல்சி ரசிகர்கள் இருந்தார்கள். முந்தின நாள் பிரைட்டனிடம் தோற்றுத் தங்கள் அணி வெளியேறிய துக்கத்தில் துணை தேடிக்கொண்டிருந்தவர்கள். காற்பந்தே பார்க்காத அம்மாக்கள் இருந்தார்கள். ரதம் வருகிற ராத்திரி, செந்தூல் முழுக்கத் தெருவில். லிவர்பூல் எந்த ஊர் என்று தெரியாதவர்கள்கூட நாங்கள் தோற்றதைப் பார்த்தார்கள். ‘மெயின் டீம் இல்லை’ என்ற சமாதானம் விஷயம் தெரிந்தவர்களிடம்தான் செல்லும். தெரியாதவர்களுக்கு அந்தச் சட்டை மட்டும்தான் லிவர்பூல், அதைப் போட்டிருக்கிற நாங்கள்தான் தோற்றவர்கள்.

லோரி அண்ணன் சொன்ன ‘நம்மளையும் சேர்த்துத்தான் எளக்காரம்’ என்ற வரியை முதலில் நான் சும்மா கோபப் பேச்சு என்று நினைத்தேன். இப்போது அதுதான் சரியான வரி என்று தோன்றுகிறது. மாற்று அணியை அனுப்புகிறவர் களத்தின் ஓரத்தில் நின்று கணக்குப் பார்க்கிறார். அந்தக் கணக்கை நாங்களும் ஒத்துக்கொண்டோம். ஆனால் கணக்குத் தப்பினால் வருகிற கேலியை வாங்குகிறவர் அவர் இல்லை. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம், கோப்பி ஓ டம்ளரோடு உட்கார்ந்திருக்கிற ஆள்.

இதற்கு எதிராக நானே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். அதே பருவத்தில், 2024 டிசம்பர் 20, புக்கிட் ஜாலிலில் மலேசியா சிங்கப்பூரோடு 0–0 என்று சமன் செய்து ஆசியான் கிண்ண முதல் சுற்றிலேயே வெளியேறியது. அதுவும் முழு பலம் இல்லாத அணி. போட்டி ஃபிஃபா நாள்காட்டிக்கு வெளியே நடப்பதால் வீரர்களை விட வேண்டிய கட்டாயம் கிளப்புகளுக்கு இல்லை. நட்சத்திர ஆட்டக்காரர் ஆரிஃப் ஐமன் இல்லாத தேசிய அணி. பார்த்தவர்களுக்கும் குறைவில்லை. அப்படியென்றால் அன்று நாற்காலி ஏன் பறக்கவில்லை?

ஏனென்றால் அன்று எங்கள் மேசையில் சிரிக்க ஆளில்லை. மச்சானும் எங்களோடு சேர்ந்து தோற்றார். கோபம் இருந்தது, நிறையவே. அது காற்பந்துச் சங்கத்தின் மேல், கிளப்புகளின் மேல், தேதி போட்டவன் மேல் என்று வெளியே போனது. பிளைமத் ராத்திரியில் அப்படி வெளியே போக வழி கிடைக்காமல் மேசைக்குள்ளேயே சுற்றியது.

அங்கிள் மட்டும் அந்த ராத்திரி கோபப்படவில்லை. என் விளக்கத்துக்கு அவர் அடங்கவே மாட்டார். நாற்காலியை நிறுத்தி உட்கார்ந்தவர், திரையில் பிளைமத் பயிற்றுநர் முஸ்லிச் தன் ஆட்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். போஸ்னியாப் போர் நேரத்தில் சின்னப் பையனாகக் குடும்பத்தோடு ஆஸ்திரியாவுக்கு ஓடி வந்தவர் அவர் என்று தம்பி கைப்பேசியைப் பார்த்துச் சொன்னான். “அவனுக்கும் ஒரு ராத்திரி வேணும்ல” என்றார் அங்கிள். அவருக்கு வயது 70-க்கு மேல், யார் பார்த்தாலும் கவலையில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அல்லது அவர் எங்களை விட நல்ல மனிதர் என்பதாகவும் இருக்கலாம். பிளைமத் அடுத்த சுற்றில் மென்செஸ்டர் சிட்டியிடம் 3–1 என்று தோற்றது, பருவ முடிவில் மூன்றாம் நிலைக்கு இறங்கியது. அந்த ஒரு ராத்திரிதான் அவர்களுக்கு.

பிறகு

லோரி அண்ணனும் வயரிங் அண்ணனும் பேசாமல் இருந்தது பிப்ரவரி 24 விடிகாலை வரை. லீக்கில் மென்செஸ்டர் சிட்டியோடு லிவர்பூல் ஆட்டம், நமக்கு நள்ளிரவு 12.30-க்கு. முழு அணி. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். 14ஆம் நிமிடத்தில் சாலா அடித்தார். வயரிங் அண்ணன் திரும்பாமலேயே, “காலு நல்லாத்தான் இருக்கு” என்றார். லோரி அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவுதான் சமாதானம்.

மார்ச் 17, நோன்பு மாதம், அதே 12.30. லீக் கிண்ண இறுதியாட்டத்தில் நியூகாஸலிடம் 2–1. சாலா, வான் டைக் எல்லோரும் இருந்தார்கள், எல்லோரும் சேர்ந்து தோற்றார்கள். கடை நிறைய ஆட்கள். சாஹூருக்கு, அதாவது நோன்புக்கு முந்தைய விடிகாலைச் சாப்பாட்டுக்கு, காத்திருந்தவர்கள், மச்சான், எல்லோரும். நான் நாற்காலிகளின் மேல் ஒரு கண் வைத்திருந்தேன். யாரும் கத்தவில்லை. இன்னாரை ஏன் இறக்கவில்லை என்று திட்ட எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. இருந்தவர்கள் எல்லோரும் ஆடித்தான் தோற்றார்கள். காசு கொடுத்துவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கேலி செய்கிறவர்கள் அத்தனை பேர் இருந்தும் கோபம் வரவில்லை என்றால் என் ‘யார் முன்னால்’ விளக்கத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது என்றுதான் அர்த்தம். இப்படித் திருத்திக்கொள்கிறேன்: மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்பது வெட்கத்தைத் தரும். அது கோபமாக மாற, ‘இவன் இருந்திருந்தால்’ என்று சொல்ல ஓர் ஆள் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். பிளைமத் ராத்திரியில் அப்படிப் பத்து பேர் இருந்தார்கள்.

ஏப்ரல் 27 ராத்திரி டோட்டன்ஹமை 5–1 என்று அடித்து லிவர்பூல் லீக்கை வென்றது. அன்று பிளைமத் பெயரை எடுத்தது மச்சான் ஒருவர்தான்.

ஜூலை 3 மாலை, ஸ்பெயினில் நடந்த கார் விபத்தில் டியகோ ஜோத்தாவும் அவர் தம்பியும் இறந்துபோன செய்தி வந்தது. அன்றிரவு கடையில் யாரும் திரையைப் பார்க்கவில்லை. எங்கள் மேசைத் தம்பி ஜோத்தாவின் 20ஆம் எண் சட்டையில் வந்திருந்தான். பிளைமத் ராத்திரியைப் பற்றி நான் குறித்து வைத்திருப்பது அவனுக்குத் தெரியும். ஆட்டம் முடிந்ததும் ஜோத்தாவைப் பற்றி, விரதத்தையும் மறந்து, அவன் ஒன்று சொல்லியிருந்தான். அதுவும் குறிப்பில் இருந்தது.

“அண்ணே, அந்த ஒரு வரியை எடுத்துடுங்க.”

எடுத்துவிட்டேன்.